டிக்கெட் வாங்கிய மூட்டை

ஏப்ரல் 16, புதன்

இந்த டைரியில் இனி எழுதப்போவதன் அடக்கம், சிக்கனத்தின் ஆறு அம்சங்கள்:

1. காப்பி: நாளைக்கு மூன்று வேளை என்பது இரண்டு வேளை ஆகும்.
2. மின்சாரம்: விழித்திருக்கும் நேரம் முழுக்க இருவரும் ஒரே அறையில் இருப்போம். ஒரே விளக்கு, ஒரே மின்விசிறி.
3. செய்தித்தாள்: நிறுத்தப்படும். கீழ்வீட்டார் படித்து முடித்ததை மதியம் வாங்கிப் படிக்கலாம். அதற்குள் செய்தி ஊசிப்போகாது.
4. பயணம்: வெளிவேலைகள் அனைத்தையும் என் மனைவி தையல்நாயகி பார்த்துக்கொள்வாள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். நான் போனால் வீண் செலவு.
5. முதியோர் டோக்கன்: எனக்கு மாதத்துக்குப் பத்து இலவசப் பயண டோக்கன் உண்டு. அவற்றை அவசரத்துக்காகச் சேமித்து வைப்பது.
6. கதிரவனிடம் பணம் கேட்பதில்லை. இது சிக்கனத்தில் சேராது. வேறு எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை.

முப்பத்தொரு வருடம் ஒரு தனியார் கல்லூரியில் நூலகராக இருந்தவன் நான். எண் போடாமல் எனக்கு யோசிக்க வராது. எண் போட்டால் மட்டும் சரியாக யோசிக்கிறேனா என்பது வேறு விஷயம். இந்த டைரி 2014-இல் கல்லூரியில் கொடுத்தது, ஒரு பக்கம்கூட எழுதாதது. அந்த வருடத்துக் கிழமைகள் இந்த வருடத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. புது டைரிக்கான செலவு மிச்சம்.

காரணம் இதுதான். சித்திரை முதல் நாள் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் ஒரு தட்டில் வடையோடு மாடிக்கு வந்தார். பத்து வருடத்தில் அவர் வடை கொடுப்பது இது இரண்டாவது முறை. போன முறையும் வாடகை ஏறியது.

“தப்பா நெனக்காத சார். ஜூலைலேர்ந்து ரெண்டாயிரத்தி ஐந்நூறு சேத்துக் குடு. முடியலன்னா ஆடி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடு. ஆடில எவனும் புதுசா குடி வர மாட்டான் பாரு, அதான்.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அவர் போன பிறகு தையல்நாயகி ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டு, “உப்பு கம்மி” என்றாள்.

என் ஓய்வூதியம் சிறியது. மீதி, வைப்புத்தொகையின் வட்டி. முடியவில்லை என்றால் ஒசூரில் மகன் கதிரவன் வீட்டுக்குப் போக வேண்டும். மாடியில் ஓர் அறை இருக்கிறது என்கிறான். தெரியும், போன வருடம் பத்து நாள் அதில் தங்கினோம். அதில்தான் அவர்களுடைய ட்ரெட்மில் இருக்கிறது. விடிந்ததும் மருமகள் வந்து அதில் ஓடுவாள். நாங்கள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து, அவள் எங்கேயும் போகாமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். நல்ல பெண். ஓடிக்கொண்டே “டீ சாப்ட்டீங்களா மாமா” என்று கேட்பாள்.

“அங்க எனக்கு யாரத் தெரியும்? மருமவளத் தெரியும். அதுவே அதிகம்” என்கிறாள் தையல்நாயகி.

ஆகவே ஆடிக்குள் செலவைக் குறைத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ட்ரெட்மில்.

ஏப்ரல் 19, சனி

அம்சம் 2 அமலில் இருக்கிறது. ஒரே அறை என்றால் தொலைக்காட்சி இருக்கும் அறை. எட்டரை மணித் தொடரில் மூத்த மருமகள் பாயசத்தில் ஏதோ கலக்கிறாள். மூன்று நாளாகக் கலக்குகிறாள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளம்பர இடைவேளையில் தையல்நாயகி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது, “ஊத்திட்டா” என்று நானே சொன்னேன். அவள் என் புத்தகத்தைப் பார்த்தாள். தலைகீழாக இல்லை. ஆனால் காலையில் இருந்த அதே பக்கம்.

அம்சம் 1: மூன்று மணிக் காப்பி நேரத்தில் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 24, வியாழன்

அம்சம் 4-இன் முதல் சோதனை. வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிந்து வரத் தையல்நாயகியை அனுப்பினேன். பத்து மணிக்குப் போனவள் இரண்டரைக்கு வந்தாள்.

“பேங்க்ல கூட்டமா?”

“பேங்க்ல அஞ்சு நிமிஷம். அப்புறம் பஸ்ஸுல ஏறினேன். எங்க போவணும்னு கண்டக்டர் கேட்டான். இது எங்கெல்லாம் போவும்னு நான் கேட்டேன்.”

“கடைசி ஸ்டாப் வரைக்குமா போன?”

“போனேன். அதே பஸ்ஸுல திரும்பியும் வந்தேன். சும்மாதானேங்க.”

கடைசி நிறுத்தத்தில் சாலையோரம் போட்டு விற்றார்கள் என்று மூன்று பிளாஸ்டிக் மக் வாங்கி வந்திருக்கிறாள். எங்கள் வீட்டில் குளியலறை ஒன்று. மக் இப்போது ஐந்து.

பயணச் செலவு: இல்லை. பயணத்தால் விளைந்த செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று விளங்கவில்லை.

“நீங்களும் ஒரு நாள் வாங்களேன். டோக்கன்தான் கெடக்கே” என்றாள்.

அம்சம் 5-ஐ நினைவூட்டினேன்.

“முட்டி இன்னுமா வலிக்குது?”

மார்ச் மாத நிகழ்ச்சியைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதாக இல்லை. அது செலவு அல்ல.

ஏப்ரல் 30, புதன்

டோக்கன்: பத்து. பயன்படுத்தியது: இல்லை. சேமிப்பு முழுமை. பழைய கார்டு கேட்லாக் டிராயர் ஒன்று என்னிடம் இருக்கிறது, கல்லூரியில் கழித்துக்கட்டியபோது கேட்டு வாங்கியது. டோக்கன்களை மாத வாரியாக அதில் அடுக்கியிருக்கிறேன். பார்க்கத் திருப்தியாக இருக்கிறது.

மே 5, திங்கள்

தக்காளி.

காலையில் கறிவேப்பிலை வாங்கப் போனவள் கோயம்பேடு வரை போய்விட்டாள். அங்கே மொத்த விலையில் பாதிக்குப் பாதி கிடைக்கிறது என்று பதினைந்து கிலோ தக்காளியோடு வந்தாள். கறிவேப்பிலை வாங்கவில்லை.

“இத்தனை தக்காளிய என்ன பண்றது?”

“கிலோவுக்கு எவ்ளோ லாபம்னு பாருங்க.”

“பதினஞ்சு கிலோ வாங்காம இருந்திருந்தா இன்னும் லாபம்.”

“அப்ப சாப்புடாம இருந்தா அதவிட லாபம்” என்றாள். தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று மாலை வரை யோசித்தேன். அகப்படவில்லை.

மே 8, வியாழன்

தக்காளித் தொக்கு. தக்காளி ரசம். தக்காளிச் சாதம். நெஞ்செரிச்சல் மாத்திரை ஓர் அட்டை.

மே 12, திங்கள்

நான் தூங்கும் நேரம் பார்த்து மீதித் தக்காளியைக் கீழ்வீட்டு லலிதாவுக்கு, அதாவது பொன்னுரங்கத்தின் மனைவிக்கு, வாங்கிய விலைக்கு மேலே கொஞ்சம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். லலிதா எதிர்வீட்டில் சொல்ல, எதிர்வீட்டார் பக்கத்து அடுக்ககத்தில் சொல்ல, இன்று காலை ஆறு வீட்டுக்குக் காய் வந்து இறங்கியது. எங்கள் கூடத்தில் நடக்க இடமில்லை. தொலைக்காட்சியின் முன்னால் பூசணிக்காய்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் பால்கனியிலிருந்து, “என்ன சார், மேடம் காய்கறி யாபாரமா?” என்று கேட்டார். விநியோகம் என்று சொன்னேன். அந்தச் சொல் எனக்குப் பழக்கமானது. நூலகத்தில் அப்படித்தான் சொல்வோம். ஆனால் புத்தகம் திரும்பி வரும்.

முதுகலைப் பட்டம் இரண்டு பெற்றவனின் மனைவி வெண்டைக்காயை ஒடித்துக் காட்டி விற்பது எனக்கு உவப்பாக இல்லை. அதை அவளிடம் சொல்ல உள்ளே போனேன். ஸ்பிரிங் தராசை என் கையில் கொடுத்து, “ரெண்டாம் மாடிக்கு அரை கிலோ பீன்ஸ்” என்றாள். நிறுத்தேன். யார் எதை எவ்வளவு கேட்டார்கள் என்பதை அவள் மனத்தில் வைத்திருந்தாள். வீட்டு எண்படி சீட்டு எழுதிப் பைகளில் ஒட்டினேன். இது உதவி அல்ல. குழப்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான்.

மே 20, செவ்வாய்

இன்று மூட்டையோடு எஸ்தர் என்ற பெண்ணும் வந்தாள். கோயம்பேட்டுப் பேருந்தில் பழக்கமாம். ஒரு மருத்துவமனையில் இரவு வேலை. முடிந்து திரும்பும் வழியில் மூட்டைக்கு ஒரு கை பிடிக்கிறாள். காலைக் காப்பிக்கு உட்கார்ந்தவள் சொன்னாள்:

“இன்னிக்கு ஒங்க வூட்டம்மா பண்ண கூத்து தெரியுமா அங்கிள்? கண்டக்டர் மூட்டைக்கு டிக்கெட்டு எடுன்னாரு. அக்கா, லேடீஸ் ஃப்ரீதானேன்னாங்க. அவரு, நீங்க லேடீஸு, ஒங்க மூட்ட லேடீஸ் இல்லியேன்னாரு.”

“கேட்டான்ல?” என்றாள் தையல்நாயகி. “சரின்னு காச எடுத்துக் குடுத்தேன்.”

“குடுத்துட்டு இன்னா பண்ணாங்க தெரியுமா? சீட்டுல ஒக்காந்திருந்தவங்க எந்திரிச்சு மூட்டயத் தூக்கி சீட்டுல வெச்சாங்க. காசு குடுத்து ஏறினது அதுதான் தம்பி, நான் ஓசி, நான் நிக்கிறேன்னாங்க. வண்டியே சிரிச்சுது. அவரு வந்து, யம்மா தாயே, ஒக்காருன்னு கும்புட்டாரு.”

காசு திரும்பி வந்ததா என்று கேட்டேன். வரவில்லை.

“அங்கிள் ஏன் மார்க்கெட்டுக்கு வர்றதே இல்ல?” என்றாள் எஸ்தர்.

நான் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நிறுக்கப் போனேன். அங்கே இருந்தும் கேட்டது.

“மார்ச்சுல பஸ்ஸ விட்டு எறங்கும்போது, ஒரு கால் தரையில வைக்கறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டான். விழுந்துட்டாரு. முட்டி சிராய்ச்சுது. ஸ்டாப்புல நின்ன காலேஜ் புள்ளைங்க சிரிச்சுட்டுதுங்க. கண்டக்டரு வேற, இந்த வயசுல வூட்ல கெடக்க வேண்டியதுதானேன்னுட்டான்.”

“அய்யோ. இன்னும் வலிக்குதா?”

“முட்டி என்னைக்கோ ஆறிப்போச்சு” என்றாள் தையல்நாயகி.

உருளைக்கிழங்கு எடை தவறிவிட்டது. மறுபடி நிறுத்தேன்.

மே 31, சனி

டோக்கன்: பத்து. பயன்படுத்தியது: இல்லை.

செய்தித்தாள் பற்றி: பொன்னுரங்கம் குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்பிவிடுகிறார். இருபது கட்டங்களில் மூன்று சரி. இன்று “நீர்வாழ் பறவை” என்ற இடத்தில் “முதலை” என்று எழுதியிருந்தார். எழுத்தெண்ணிக்கைகூடப் பொருந்துகிறது. அதுதான் கொடுமை.

ஜூன் 6, வெள்ளி

மூன்று மணிக்குக் காப்பி வந்தது. அம்சம் 1 என்னாயிற்று என்று கேட்டேன்.

“அது நீங்க போட்டது. இது நான் போட்டது” என்றாள்.

குடித்தேன்.

ஜூன் 11, புதன்

தையல்நாயகிக்கு வலது தோளில் வலி. தைலம் தேய்த்துவிட்டேன். மூட்டையின் எடையைக் குறைக்கும்படி சொன்னேன். எந்த வீட்டைக் குறைப்பது என்று கேட்டாள். சீட்டுகளைப் பார்த்தேன். எந்த வீட்டையும் குறைக்க எனக்கும் மனம் வரவில்லை. பதினோராம் எண் வீட்டில் சர்க்கரை நோயாளி, அவருக்குப் பாகற்காய் பார்த்து எடுப்பவள் இவள்தான்.

“ஒரு ஆள் கூட வந்தா...” என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

கூலிக்கு ஆள் வைப்பது கட்டுப்படியாகாது என்று சொன்னேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, “ஆமா, கட்டுப்படியாவாது” என்றாள். தைலம் தேய்க்க வசதியாக இருக்கட்டும் என்று திரும்பியிருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

பொன்னுரங்கம் வீடு பார்க்க ஓர் இளம் தம்பதியை அழைத்துவந்தார். தையல்நாயகிதான் சுற்றிக்காட்டினாள்.

“பாத்ரூம் கதவு மழைக்காலத்துல சாத்தாதும்மா. சாத்திட்டா தெறக்காது. நாங்க ஒரு தடவ ஏணி போட்டோம். தண்ணி காலையில ஆறுலேர்ந்து ஏழு. ஆறரைக்கு வேகம் கொறஞ்சிடும். எதுத்த வீட்ல நாய் இருக்கு. கடிக்காது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எதையாவது நெனச்சுக்கும். மத்தபடி நல்ல வீடு. பத்து வருசமா இருக்கோம், ஒரு கொறயும் சொல்ல முடியாது.”

அந்தப் பெண் மாம்பழம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். வீட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

“நீ வூட்ட காட்டறியா, வெரட்டறியா?” என்றார் பொன்னுரங்கம்.

“பொய் சொல்லிக் குடி வெக்கச் சொல்றீங்களாண்ணே? நாளைக்கு அந்தப் பொண்ணு பாத்ரூமுல மாட்டிக்கிட்டா ஒங்களத்தானே வையும்.”

“ஆனி முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு. ஏத்திக் குடுக்கறியா, காலி பண்றியா.”

“சொல்றோம்ணே. யோசிச்சிட்டுத்தான் இருக்கோம்” என்றாள். இரண்டு மாதமாக அதையேதான் சொல்கிறாள். என்ன யோசிக்கிறாள் என்று கேட்டேன். “ஆடி என்னைக்குப் பொறக்குது?” என்று கேட்டாள். பதினேழாம் தேதி, வியாழன் என்றேன். “அதத்தான் யோசிக்கிறேன்.”

ஜூன் 30, திங்கள்

டோக்கன்: பத்து. பயன்படுத்தியது: இல்லை. டோக்கன்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தருவார்கள். இதுவரை கொடுத்தது ஜூன் வரைக்கும்தான், சேர்த்தவை டிராயரில் பத்திரம். அடுத்த ஆறு மாதத்துக்கு உரியவற்றை நேரில் போய் வாங்க வேண்டும். பணிமனையில் வரிசை நீளமாக இருக்கும். வெயில் வேறு. ஜூலைக் கடைசி வரை தருகிறார்கள். அவசரமில்லை.

சிக்கனத்தின் இரண்டரை மாதப் பலனைக் கூட்டிப் பார்த்தேன். காப்பி, விளக்கு, செய்தித்தாள் மூன்றும் சேர்ந்து மிச்சம் பிடித்ததை நெஞ்செரிச்சல் மாத்திரையும் தைலமும் மக்கும் தின்றுவிட்டன. வாடகை உயர்வுக்குத் தேவையானது முழுவதும் “இதர” என்ற தலைப்பில் இருக்கிறது. அந்தத் தலைப்பில் இருப்பது தையல்நாயகியின் காய். அது என் அம்சங்களில் எதிலும் இல்லை என்பதால் தனியாகக் குறிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

பொன்னுரங்கத்தின் மகளுக்கு வளைகாப்பு. திங்கட்கிழமை. எண்பது பேருக்குச் சாப்பாடு. காய் முழுக்கத் தையல்நாயகியின் பொறுப்பு என்று லலிதா சொல்லிவிட்டாள். பொன்னுரங்கத்துக்குப் பிடிக்கவில்லை. “காலி பண்ணச் சொன்னவங்ககிட்டயே காய் வாங்குவாங்களா?” என்று கீழே சத்தம் கேட்டது. “நீ காலி பண்ணச் சொன்ன. நான் சொல்லல” என்று பதில் சத்தமும் கேட்டது.

இது சரியாக நடந்தால் லலிதா எங்கள் பக்கம். சொதப்பினால் பொன்னுரங்கத்துக்குக் காலி பண்ணச் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிடும். கதிரவன் ஃபோன் செய்து, லாரி பேசட்டுமா என்று கேட்டான். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

“அங்க என்னப்பா இருக்கு?” என்றான்.

பூசணிக்காய் என்று சொல்ல நினைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

நடந்தவற்றை வரிசையாக எழுத முயல்கிறேன்.

தையல்நாயகி விடிவதற்கு முன்பே தனியாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எஸ்தருக்குச் சர்ச். எட்டு மணிக்கு ஃபோன் வந்தது.

“என்னங்க, ரெண்டு மூட்டையும் ஒரு கட்டைப்பையும் இருக்கு. தோள் தூக்க வரல. பஸ்ஸுல ஏத்த மாட்டேன்றான். ஆட்டோக்காரன் அநியாயமாக் கேக்கறான். ஆட்டோவுலயே வந்துடவா?”

அவளாக ஆட்டோவுக்கு அனுமதி கேட்டது இதுவே முதல் முறை. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “அங்கேயே இரு, நான் வர்றேன்” என்று வந்தது. சொன்னது நானா என்று ஒரு கணம் சந்தேகம். “பாத்து வாங்க” என்றாள்.

டிராயரிலிருந்து டோக்கன்களை எடுத்துக்கொண்டேன். அவசரத்துக்கு என்று வைத்தவை, இது அவசரம். பேருந்தில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. முதலில் வந்ததை முதலில் செலவழிப்பது முறை என்பதால் ஏப்ரல் டோக்கனை நீட்டினேன்.

நடத்துநர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஐயா, இது ஏப்ரல் மாசத்துது.”

மே மாதத்தைக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஜூனைக் கொடுத்தேன்.

“மூணு மாசமா எங்கய்யா இருந்தீங்க? வெளிநாடா?” என்றார். “மொத்தமும் செல்லாது. பேரப்புள்ள இருந்தா வெளையாடக் குடுங்க.”

முன் இருக்கையில் சிரித்தார்கள். பின் இருக்கையிலும். நான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன். இந்தச் சிரிப்பை மார்ச்சிலிருந்து நான் எதிர்பார்த்திருந்தேன் என்று சொல்லலாம். அது வந்தது, இரண்டு நிறுத்தம் வரை இருந்தது, பிறகு சிரித்தவர்கள் இறங்கிவிட்டார்கள்.

கோயம்பேட்டில் இறங்க வேண்டும். கதவருகில் போய்க் கம்பியைப் பிடித்தேன். கீழ்ப்படியில் ஒரு கால் வைத்தேன். அடுத்த கால் வரவில்லை. தரை அவ்வளவு தூரத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். பின்னால் கீரைக்கூடையோடு ஒரு பெண், “எறங்கு தாத்தா, கீர வாடுது” என்றாள். “வண்டி நிக்கிது பெரியவரே, நான் விசில் குடுத்தாத்தான் எடுப்பாரு” என்றார் நடத்துநர். விசில் அவர் வாயில் இல்லை, கையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

இறங்கிவிட்டேன்.

தையல்நாயகி மூட்டையின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. தன் டம்ளரில் பாதியை எனக்குக் கொடுத்தாள். ஏற்கெனவே இரண்டு காலி டம்ளர்கள் பக்கத்தில் இருந்தன. அதிலொன்று டீக்கடைக்காரருடையதாக இருக்கலாம்.

“சிரிச்சாங்களா?” என்றாள்.

“சிரிச்சாங்க.”

“எதுக்கு?”

“செல்லாத டோக்கனக் குடுத்தேன்.”

“சிரிக்க வேண்டியதுதான்” என்றாள். அவளும் சிரித்தாள். நானும், கொஞ்சம்.

திரும்பும் பேருந்தின் நடத்துநர் எங்களைக் கண்டதும் இறங்கி வந்து இரண்டு மூட்டையையும் தானே தூக்கி ஏற்றினார். “என்னக்கா, அப்பவே ஏத்துறேன்னேன், வேணாம் ஆள் வருதுன்னீங்க. இவருதானா அந்த ஆள்?” என்றார். சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஏற்ற மறுத்தவர் வேறு ஒருவராக இருக்க வேண்டும். தையல்நாயகியிடம் விசாரிக்கவில்லை, அவள் தோள் வலியோடு இருந்தாள். கட்டைப்பையை வலது தோளில்தான் மாட்டியிருந்தாள் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன். காரணம் இல்லை, ஒழுங்குக்காக.

மூட்டைகளுக்கு டிக்கெட். எனக்கு டிக்கெட். அவளுக்கு இலவசம். ஒரே ஓர் இருக்கைதான் காலி.

“காசு குடுத்தவங்க ஒக்காருங்க” என்றாள்.

“மூட்டையும் குடுத்திருக்கு.”

“அது ரெண்டு எடம் கேக்கும்” என்று என்னை உட்காரவைத்து, ஒரு மூட்டையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். வில்லிவாக்கத்தில் எங்கள் நிறுத்தம் வரை எனக்கு ஜன்னல் தெரியவில்லை, முட்டைக்கோஸ்தான் தெரிந்தது. இறங்கும்போது அவள் முன்னால் இறங்கிக் கை நீட்டினாள். மூட்டையைத்தான் கேட்கிறாள் என்று அதைக் கொடுத்தேன். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு மறுபடி கை நீட்டினாள்.

ஜூலை 14, திங்கள்

வளைகாப்பு நல்லபடி நடந்தது. கூட்டில் உப்பு கம்மி என்று தையல்நாயகி எனக்கு மட்டும் சொன்னாள். பொன்னுரங்கம் அவியலை மூன்று முறை போட்டுக்கொண்டார். பார்த்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. பத்து மணிக்குப் பொன்னுரங்கம் வந்தார். தட்டு இல்லை.

“இன்னா சார், ஒண்ணும் சொல்லாமயே ஆடியும் பொறந்துடுச்சு.”

“ஆமாண்ணே, பொறந்துடுச்சு” என்றாள் தையல்நாயகி. “காலி பண்ணச் சொன்னா பண்ணிடறோம். பையன் லாரி பேசறேன்னு நிக்கிறான். ஆனா ஆவணி வரைக்கும் வீட்டப் பூட்டித்தான் போடணும். பத்து வருசம் வெளக்கு எரிஞ்ச வீடு. அதையும் பாத்துக்கங்க.”

பொன்னுரங்கம் என்னைப் பார்த்தார். நான் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

“அப்படியெல்லாம் பாக்காத. ஆயிரத்தி ஐந்நூறு ஏத்திக் குடு.”

“ஐந்நூறு” என்றாள் தையல்நாயகி.

கீழேயிருந்து லலிதாவின் குரல் வந்தது. “யோவ், பேசினது போதும். ஆயிரத்துக்கு முடிச்சிட்டு வா. வரும்போது கால் கிலோ முருங்கக்கா வாங்கிட்டு வா.”

ஆயிரத்துக்கு முடிந்தது. முருங்கைக்காய்க்கு அவர் காசு கொடுத்தார். நான் சில்லறை கொடுத்தேன்.

கதிரவனிடம் ஃபோனில் சொன்னபோது, “அப்போ நீங்க வரலியா?” என்றான். குரலில் வருத்தம் இருந்தது, உண்மையான வருத்தம்தான். ஐப்பசியில் வருகிறோம், பத்து நாள் இருப்போம் என்றேன். “ரூம்ல ட்ரெட்மில்ல நகத்தி வெக்கறேம்பா” என்றான். வேண்டாம், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். பக்கத்திலிருந்து தையல்நாயகி, அங்கே பஸ் எங்கெல்லாம் போகும் என்று அவனிடம் கேட்கச் சொன்னாள்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் தனியாகப் பணிமனைக்குப் போனேன். பேருந்தில்தான். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை நடத்துநரின் விசில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். வரிசை நீளமாகத்தான் இருந்தது, வெயிலும் அடித்தது. எனக்கு முன்னால் நின்றவர் தன் மூட்டுவலியைப் பற்றி நிறையச் சொன்னார். பின்னால் நின்றவர் தன் மருமகனைப் பற்றிச் சொன்னார். என்னிடமும் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். கோயம்பேட்டில் இந்த வாரம் கத்தரிக்காய் மலிவு என்றேன். இருவரும் விலாசம் வாங்கிக்கொண்டார்கள்.

டிசம்பர் வரைக்கும் டோக்கன் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டிராயரில் அடுக்கப் போனேன். அதில் தையல்நாயகி பூண்டு போட்டு வைத்திருக்கிறாள். டோக்கன்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நாளைக்கு ஐந்தேகால் வண்டி. ஒரு டோக்கன் போக, ஒரு டோக்கன் வர.

ஆடி பிறந்துவிட்டதால் ஏப்ரலில் எழுதிய அம்சங்களை முறைப்படி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். காப்பி மூன்று வேளைக்குத் திரும்பிவிட்டது. அந்த அம்சம் தவறல்ல, தோற்றது. ஒரே அறையில் உட்காருவது தொடர்கிறது. மின்சாரம் குறைந்ததா என்று பார்க்கவில்லை. தொடரில் மூத்த மருமகள் சிறைக்குப் போய்விட்டாள், இரண்டாமவள் கலக்கத் தொடங்கியிருக்கிறாள். செய்தித்தாள் விஷயத்தில் பொன்னுரங்கத்துக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆறாவது அம்சம் காப்பாற்றப்பட்டது. நான் போனால் வீண் செலவு என்ற நான்காவதைப் பற்றி முடிவு சொல்ல எனக்கு இன்னும் துணிச்சல், அதாவது தரவு, போதவில்லை. தையல்நாயகியைக் கேட்டால் சொல்வாள். கேட்கவில்லை.

ஐந்தாவது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது. ஏப்ரலும் மேயும் ஜூனும் அப்படியே என் மேஜையில் இருக்கின்றன, ஓரம்கூட மடங்காமல். சேமிப்பு என்று எழுதியிருந்தேன். அது தவறு.